உலகம் என்று அப்பா சொன்னது

தோடு உலகம்.
பூ உலகம். பொட்டு, சொல்லத் தேவையில்லை.
சந்தியில் ஸ்பீக்கர் கட்டிய கலியாணவீடு உலகம்,
அதைத் தாண்டும்வரை சைக்கிள் பாரில் இருந்தபடி
என் காதுகளை நானே பொத்தவேண்டும்.
பனடோல் உலகம்.

தோட்டைக் கழற்றியபோது எனக்கு ஆறு வயது.
கஸ்தூரியார் வீதியில் விற்ற காசுக்கு
வெள்ளைத் துணி வந்தது, ஐந்து யார்.
துவாரம் தூராமலிருக்க அம்மா
வேப்பம் ஈர்க்கை முறித்துச் செருகிவிட்டாள்.
அதையும் அப்பா கண்டுபிடித்தார்.

முந்திய அப்பாவை எனக்குத் தெரியாது.
அருமைத்துரை என்று ஒருவர்
திருவிழாக்களில் விடியவிடியக் கித்தார் வாசித்தாராம்.
குடித்துவிட்டுக் கொழும்புத்துறை இறங்குதுறையில் விழுந்து கிடந்தவர்
எனோக்காக எழும்பி வந்தாராம்.
வந்ததும் கித்தார்க் கம்பிகளைக் கழற்றி
வேலிக் கதியால்களை இறுக்கிக் கட்டினார்.

சோளகம் வீசிய ஓர் இரவு
வேலி முனகியது.
டோர்ச்சும் குறடுமாக அப்பா எழும்பிப் போனார்.
யன்னலால் பார்த்தேன்:
குறடு மடியில் கிடக்க
குந்தியிருந்தார்,
காற்று ஓயும்வரை.
காலையில் வேலியில் கயிறு இருந்தது.

சவர்க்காரம் வராத வருடம்
வெள்ளைக்கு வந்தது சோதனை.
பனம்பழம் பிசைந்து தோய்த்தோம்.
சபையில் அறுபது பேரும்
மாடுகள் தேடிவரும் வாசத்தோடு ஆராதித்தோம்.
பள்ளிக்கூடத்தில் என் பெயர் ‘ஆவி.’
ஆவி, கணக்குக் கொப்பி தா.
கொடுத்தேன். ஆவிக்குக் கணக்கு நன்றாக வரும்.

தம்பி யோத்தாமுக்கு மலேரியா.
அப்பா மூன்று நாள் முழங்காலில் நின்றார்.
அதை நான் குறைத்து எழுதமாட்டேன்:
மூன்று நாள், சீமெந்துத் தரை,
ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.
குசினியில் அம்மா
குளிசையைக் கரண்டிப் பின்புறத்தால் பொடித்துப்
பனங்கட்டிக்குள் வைத்து உருட்டினாள்.
எங்கே வாங்கினாள், எதைக் கொடுத்து வாங்கினாள்,
கேட்கிற துணிச்சல் எனக்கு வருமுன் செத்துப்போனாள்.
அன்றைக்கு என்னை ஒருதரம் பார்த்தாள்.
நான் போய் வாசலில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாட்சி சொன்னார்.
மருந்தில்லாமல் எழும்பினான் என்றார். அழுதார்.
யாயேல், நீயும் எழும்பிச் சொல்லு என்றார்.
அறுபது முகங்கள் திரும்பின.
அம்மா பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினாள்.
கர்த்தர் நல்லவர், என்றேன்.
இரண்டு சொற்கள். அவற்றில் பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று
முப்பது வருடமாய்த் தேடுகிறேன்.

இடம்பெயர்ந்த இரவு
நாவற்குழிப் பாலத்தில் உலகம் முழுவதும்
எங்களோடு நெரிந்துகொண்டு நடந்தது.
மழை. சேறு இடுப்புவரை தெறித்தது.
யாரோ ஒரு மனிசி தன் சிவப்புச் சேலையைக் கிழித்துத்
தம்பியின் தலையைச் சுற்றிவிட்டாள்.
அப்பா பார்த்தார்.
கழற்று என்று சொல்லவில்லை.
விடிந்து, மீசாலை தாண்டியபிறகு சொன்னார்.

இப்போது ஆஸ்பத்திரியில்
பிரஷர் குளிசைக்கு வாய் திறக்கமாட்டேன் என்கிறார்.
தாதிமார் அலுத்துப்போனார்கள்.
நான் பனங்கட்டி கொண்டுபோனேன்.
மென்றார். கண்ணைத் திறக்காமல்,
“கொம்மாவும் உப்பிடித்தான்.
நெருப்புக் காய்ச்சலுக்கு எனக்குத் தந்தவள்.
கசந்தது” என்றார்.
“அப்ப ஏனப்பா—” என்று தொடங்கினேன்.
நித்திரையாகிவிட்டார்.
அல்லது அப்படிக் கிடந்தார்.

திரும்பும் வழியில் கஸ்தூரியார் வீதியில் இறங்கினேன்.
நகைக்கடைக்காரர் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
முழுக்கத் தூர்ந்துபோச்சு, புதுசாய்க் குத்தவேணும்,
இந்த வயதில் நோகும் என்றார்.
நாளைக்கு வாறன் என்றேன்.

இது சொல்லி மூன்று கிழமை.